ஓக் மரத்தடியில் பேரி

எங்கள் அண்ணிக்குப் பொய் பிடிக்காது என்று சொன்னால் போதாது. தோராயமே பிடிக்காது. யாராவது "கொஞ்சம் உப்பு போடுங்க" என்றால் "கொஞ்சம்னா எவ்வளவு?" என்று கேட்பார். அண்ணன் "இப்போ வந்துடறேன்" என்று வெளியே போய்விட்டுச் சாவகாசமாகத் திரும்பினால், கதவைத் திறந்துகொண்டே "உங்க 'இப்போ' இப்பத்தான் முடிஞ்சுதா?" என்பார். நாங்களோ தோராயத்திலேயே பிறந்து தோராயத்திலேயே வளர்ந்த குடும்பம். இப்படி ஒருவர் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தது யாருடைய தலையெழுத்து என்று இன்னும் முடிவாகவில்லை.

மலையடிவாரத்தில் இருக்கும் காட்டு ஆராய்ச்சி நிலையத்தில் அண்ணிக்கு வேலை. செடிகளை எண்ணுவது. நான் அதே நிலையத்தில் ஜீப் ஓட்டுகிறேன். அண்ணி சொல்லித்தான் எனக்கு வேலை கிடைத்தது என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். நடந்தது வேறு. நான் விண்ணப்பம் போட்டது தெரிந்ததும் நேராக இயக்குநரிடம் போய், "சார், இவன் என் கொழுந்தன். வண்டி நல்லா ஓட்டுவான். ஆனா நேரத்துக்கு வரமாட்டான். இப்பவே சொல்லிட்டேன்" என்றார். இயக்குநர் விழுந்து விழுந்து சிரித்து, அந்தச் சிரிப்போடே என்னை எடுத்துக்கொண்டார்.

செடி எண்ணுவது என்றால் பூந்தொட்டி எண்ணுவது போல என்று நினைத்துவிடக் கூடாது. நிலையத்தின் வாசல் பலகையில் 'துணை வெப்பமண்டலக் காடு' என்று எழுதியிருக்கும். கோடையில் முழுதாக வேகாது, குளிரில் முழுதாக உறையாது, அப்படி ஒரு ரெண்டுங்கெட்டான் காடு. மலையின் நிழல் விழும் பக்கம் ஓக் மரங்கள். வெயில் அடிக்கும் பக்கம் பைன் மரங்கள். இரண்டு பக்கமும் அங்கங்கே கயிறு கட்டிச் சதுரம் சதுரமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சதுரத்துக்குள் இருக்கிற மரம், புதர், கொடி, பெரணி, புல், பாறையில் ஒட்டிய பாசி எல்லாவற்றையும் எண்ண வேண்டும். கயிறு பிடிக்க இரண்டு பேர், எண்ண அண்ணி, ஜீப்பில் கால் நீட்டித் தூங்க நான். தூங்க முடியாது. அண்ணி என்னையும் இழுத்துப் போய்க் கயிற்றின் ஒரு மூலையில் நிறுத்திவிடுவார்.

ஒருமுறை ஒரு பெரணியின் பெயரில் அவருக்குச் சந்தேகம் வந்தது. வண்டி பாதி மலை இறங்கிவிட்டது. மழை வேறு பிடித்துக்கொண்டது. "திருப்பு தம்பி" என்றார். திருப்பினேன். எல்லோரும் தொப்பலாக நனைந்து, அட்டைக்கடி வாங்கி, அந்தப் பெரணியின் இலையைத் திருப்பிப் பார்த்து, முதலில் எழுதியதே சரி என்று தெரிந்துகொண்டு இறங்கினோம். கயிறு பிடிக்கிறவர்களில் மூத்தவர் அன்று வண்டியில் வாய்க்குள்ளேயே முனகியதை எழுத முடியாது.

என்னதான் எண்ணுகிறீர்கள், எதற்கு என்று ஒரு நாள் கேட்டேன். அண்ணிக்கு இந்தக் கேள்வி என்றால் உயிர்.

"ஒரு பஸ்ஸுல நாப்பது பேர் இருக்காங்க. நாப்பது பேரும் ஒரே வீட்டுக் கல்யாணத்துக்குப் போறவங்க. இன்னொரு பஸ்ஸுலயும் நாப்பது பேர். ஆனா ஒருத்தர் தச்சர், ஒருத்தர் நர்ஸ், ஒருத்தர் போலீஸ், ஒருத்தர் டீச்சர். நடுவழியில வண்டி நின்னுபோச்சுன்னா எந்த பஸ் தப்பிக்கும்?"

"ரெண்டாவது."

"அதான். எத்தனை மரம்ங்கிறது பெரிசில்ல. எத்தனை வகை, எல்லா வகைக்கும் இடம் கிடைச்சிருக்கா, அதைத்தான் பார்க்கணும். அப்புறம் யார் பக்கத்துல யார் நிக்கிறாங்கன்னு பார்க்கணும். சில செடிங்க எப்பவும் ஒண்ணாவே இருக்கும். சிலது ஒண்ணு இருக்கிற இடத்துல இன்னொண்ணு தலைகாட்டாது."

"நம்ம பெரியத்தையும் சின்ன மாமாவும் மாதிரியா?"

"சிரிக்காதே. அப்படித்தான்" என்றார்.

அந்தச் சேர்க்கைகளைப் பார்ப்பதில்தான் அண்ணிக்கு ருசி. பைன் மரத்தடியில் ஊசியிலை மெத்தை மாதிரி விழுந்து கிடக்கும், வேறு எதுவும் எளிதில் முளைக்காது. ஓக் மரத்தடியில் மண் கறுப்பாக, ஈரமாக, பெரணியும் புதரும் கொடியும் கூட்டுக்குடும்பம் நடத்தும். கல்யாண வீட்டுக்குப் போனால்கூட அண்ணி யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்றுதான் பார்ப்பார். யார் வீட்டில் யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதை எங்களுக்கெல்லாம் முன்னால் கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார்.

இனி மதியச் சாப்பாட்டைச் சொல்ல வேண்டும். பைன் பக்கம் உட்கார்ந்து சாப்பிட முடியாது. நிழல் கிடையாது, ஊசியிலை வழுக்கும், மரப்பிசின் துணியில் ஒட்டினால் துணியே போய்விடும். அதனால் பைன் சதுரத்தில் வேலை செய்த நாளிலும் மேட்டைச் சுற்றி ஓக் பக்கம் வந்துதான் டப்பாவைத் திறப்போம். சதுரத்துக்குள் இருக்கிற பெரிய ஓக் மரமாகப் பார்த்து, வேரில் முதுகைச் சாய்த்துக்கொள்வோம். கடைசியாக அண்ணி துணிப்பையிலிருந்து பேரிக்காய்களை எடுப்பார்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் எங்கள் அப்பா நட்ட பேரி மரம் ஒன்று இருக்கிறது. காய்க்கிற காலத்தில் கொட்டித் தீர்க்கும். காய் பார்க்க லட்சணமாக இருக்காது. கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து, தூக்கக் கலக்கத்தில் இருக்கிறவன் தலை மாதிரி இருக்கும். கடித்தால் மணல் மணலாக நெருடும், கடைசியில் நல்ல இனிப்பு. வீட்டில் தின்னத் தின்னத் தீராது. அண்ணி பையில் போட்டுக் காட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். நாங்கள் தின்றுவிட்டு நடுத்தண்டை விதையோடு தோளுக்குப் பின்னால் எறிவோம். மிட்டாய்க் காகிதம் ஒன்று கீழே விழுந்தால் அண்ணி கண்ணாலேயே எரித்துவிடுவார். பேரித் தண்டுக்கு மட்டும் தடை இல்லை. "அது மண்ணோட மண்ணாப் போயிடும்" என்பார்.

வருடங்கள் ஓடின. அண்ணனுக்கும் அண்ணிக்கும் மகள் பிறந்தாள். வாண்டு என்று நான் வைத்த பெயரே அவளுக்கு நிலைத்துவிட்டது. அதே சதுரங்களை மறுபடி எண்ணும் முறை வந்தது. அப்போதுதான் அண்ணி அந்த முள் செடியைப் பார்த்தார். ஓக் மரத்தடியில் முழங்கால் உயரம், குச்சி குச்சியாக முள், ஓரத்தில் பல் வைத்த சின்ன இலை. அடுத்த ஓக் சதுரத்திலும் இருந்தது. அதற்கடுத்ததிலும். பைன் சதுரங்களில் தேடித் தேடிப் பார்த்தார், ஒன்றுகூட இல்லை.

அண்ணி புத்தகத்தைப் புரட்டினார், காய்ந்த மாதிரிகளோடு ஒப்பிட்டார், அது காட்டுப் பேரி என்று முடிவு செய்தார். கீழே ஆற்றுப் பள்ளத்தாக்கில் காட்டுப் பேரி உண்டு. இவ்வளவு உயரத்தில் யாரும் பார்த்ததில்லை. வீட்டுப் பேரியையும் விதையிலிருந்து முளைக்கவிட்டால் சின்ன வயதில் முள் வைத்துக்கொண்டு காட்டுப் பேரி வேஷம் போடும் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. இயக்குநரும் அவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். ஓக் இருந்தால் பேரி, பைன் இருந்தால் பேரி இல்லை. இது தற்செயலாக இருக்கவே முடியாது என்று கணக்கு சொன்னது. கணக்கு பொய் சொல்லவில்லை, தற்செயலே இல்லைதான்.

அன்று சாயங்காலம் அண்ணி வீட்டுக்கு வந்த வேகத்தை நான் மறக்க மாட்டேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் போய், "நான் ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கேன்" என்று அண்ணனிடம் சொன்னார். அண்ணன் மருந்துக்கடை வைத்திருக்கிறவர். தலைவலி, வயிற்றுவலி தவிர வேறு விஷயம் காதில் ஏறாது. அவரே அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டார்.

நிலையம் வெளியிட்ட காட்டு விவரப் புத்தகத்தில் 'ஓக்–பேரி சமூகம்' என்று ஒரு அத்தியாயம் வந்தது. கண்டறிந்தவர் என்று அண்ணியின் பெயர் போட்டிருந்தது. வாழ்க்கையில் தற்பெருமை என்பதே தெரியாத மனுஷி, அந்த ஒரு விஷயத்தில் கொஞ்சம் மிதக்கத்தான் செய்தார். விருந்தாளி வந்தால் பேச்சு எப்படியாவது ஓக் மரத்துக்குப் போய்விடும். வாண்டுவின் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். "ஓக் மரம் நிழலும் ஈரமும் கொடுக்குது. பேரி முள்ளால வேலி போட்டு ஓக் கன்னுகளைக் காப்பாத்துது" என்று பிள்ளைகளுக்குச் சொன்னார். முதல் பாதி கண்ணால் பார்த்தது. இரண்டாம் பாதி, மனசு குளிர்ந்து அவராகச் சேர்த்துக்கொண்டது. தோராயமே பிடிக்காத அண்ணி சொன்ன ஒரே தோராயம் அதுதான் என்று நினைக்கிறேன். வாண்டு அன்றைக்கு வகுப்பில் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம்.

மலையின் ஒரு சரிவு முன்பு தீப்பிடித்து எரிந்துபோனது. சில வருடங்கள் கழித்து அதில் மறுபடி காடு வளர்க்க நிலையம் முடிவு செய்தது. ஓக் கன்றுகள், ஒவ்வொன்றுக்கும் துணையாக ஒரு காட்டுப் பேரிக் கன்று. ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து விதை கொண்டுவந்து நாற்றங்காலில் வரிசை வரிசையாகப் பேரிக் கன்றுகளை வளர்த்துவிட்டார்கள். நடவு தொடக்கவிழாவுக்குப் பெரிய அதிகாரி ஒருவர் வருவதாக இருந்தது. பள்ளிப் பிள்ளைகளின் நாடகம் ஒன்றும் உண்டு. வாண்டு அதில் பேரி மரம்.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, மேலே ஒரு பேரி முதல்முறையாகக் காய்த்திருப்பதாகத் தகவல் வந்தது. மேடையில் வைக்கப் பறித்துவரலாம் என்று அண்ணியும் நானும் போனோம். அண்ணி வழி முழுக்க உற்சாகமாகப் பேசிக்கொண்டு வந்தார். காட்டுப் பேரிக் காய் கோலிக்குண்டு அளவுதான் இருக்கும், பழுப்பாக இருக்கும், வாயில் வைத்தால் துவர்க்கும், கேட்டுக்கொள் என்றார்.

மரத்தில் தொங்கியது கோலிக்குண்டு இல்லை. கைக்கு அடக்கமான காய். மஞ்சளும் பச்சையுமாக, கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து.

அண்ணி பேச்சை நிறுத்தினார். ஒன்றைப் பறித்தார். சேலைத் தலைப்பில் துடைத்து ஒரு கடி கடித்தார். மென்றார். முகத்தில் ஈயாடவில்லை. மிச்சத்தை என்னிடம் நீட்டினார்.

"சாப்பிட்டுப் பாரு தம்பி."

கடித்தேன். மணல் மணலாக நெருடியது, கடைசியில் நல்ல இனிப்பு. "அட, அப்படியே நம்ம வீட்டுக் காய் மாதிரியே இருக்கு அண்ணி!" என்றேன், பாராட்டுவதாக நினைத்துக்கொண்டு.

"மாதிரி இல்ல" என்றார் அண்ணி.

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. அவர் அந்த ஓக் மரத்தின் வேரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் உட்கார்ந்து உட்கார்ந்து வழவழப்பாகிவிட்ட வேர். பிறகு கயிற்றைத் தாண்டி வெளியே நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். கயிறு கட்டாத ஓக் மரங்களை ஒவ்வொன்றாகச் சுற்றிவந்து குனிந்து பார்த்தார். பெரணி இருந்தது. புதர் இருந்தது. கொடி இருந்தது. பேரி இல்லை. அடுத்த மரம், அதற்கடுத்த மரம் என்று மேட்டின் உச்சிவரை போனோம். எங்கேயும் ஒரு பேரி இல்லை. நாங்கள் எண்ணியது சதுரத்துக்குள் மட்டும், தின்றதும் சதுரத்துக்குள் மட்டும்.

உச்சியில் ஒரு பாறையில் உட்கார்ந்தார். "வெளியில ஒரு தடவை பார்த்திருக்கலாம்" என்றார். "ஒரே ஒரு தடவை."

நான் சிரித்துவிட்டேன். என்ன செய்ய, எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நாலு பேர் தின்று எறிந்த எச்சில் தண்டு முளைத்து, அது புத்தகத்தில் ஏறி, அதற்கு விழா எடுக்கிறார்கள். "அண்ணி, நாம எறிஞ்சதுக்கு அதிகாரி வர்றாரு!" என்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. வெட்கம் அவரைக் கழுத்தைப் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தது, நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னார். வாண்டு பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். அண்ணன் யோசித்து, "காட்டுப் பேரின்னா என்ன, வீட்டுப் பேரின்னா என்ன, பேரிதானே?" என்றார்.

"அது இல்லைங்க. அந்தச் சரிவுல ஓக்குக்குப் பக்கத்துல நிக்க வேண்டிய புதர் எத்தனையோ இருக்கு. அதுங்க இடத்தை எல்லாம் பிடுங்கிப் பேரிக்குக் கொடுக்கப் போறாங்க. நான் சொன்னேன்னு."

"சரி, சொல்லணும்தான். விழா முடியட்டுமே. இவ்வளவு ஏற்பாடு பண்ணிட்டாங்க. முடிஞ்சதும் இயக்குநர்கிட்ட தனியாச் சொல்லிடு."

நானும் தலையாட்டினேன். அண்ணி மறுப்புச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் இயக்குநர் அறைக்குப் போனார். நான் வாசலில் நின்றிருந்தேன். இயக்குநர் இவரைக் கண்டதும் அழைப்பிதழை எடுத்துக் காட்டி, "பாருங்கம்மா, உங்க பேரை எவ்வளவு அழகா அச்சடிச்சிருக்காங்க! நான் ஓய்வு பெறுறதுக்கு முன்னாடி இப்படி ஒண்ணு நடக்கும்னு நினைக்கவே இல்ல" என்றார். அண்ணி வாயைத் திறந்தார். "சார்… மேடை மேசைக்கு எந்த நிறத்துல விரிப்பு போடலாம்?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்தார். அதற்குப் பிறகும் ஒருநாள் அறை வாசல்வரை போய், உள்ளே யாரோ பேசுகிற சத்தம் கேட்டதும் திரும்பிவிட்டார். யாரும் இல்லாமல் இருந்திருந்தாலும் திரும்பியிருப்பார். பெரணிக்காக மழையில் மலையேற வைத்த மனுஷிக்கு ஒரு அறைக்குள் நுழையக் கால் வரவில்லை. அந்த வாரம் முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை. கண்ணாடியில் தலை சீவும்போதுகூடத் தன் முகத்தைப் பார்க்காமல் சீவினார்.

விழாவுக்கு முந்தின சாயங்காலம் கூடத்தில் அட்டையும் பசையும் கத்தரியும் பரப்பிக் கிடந்தன. வாண்டுவின் பச்சை உடையில் காகித இலைகளை அண்ணி ஒட்டிக்கொண்டிருந்தார். கையில் கட்ட அட்டைக் கிளைகள், தலைக்கு ஒரு இலைக் கிரீடம். வாண்டு பக்கத்தில் குதித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இலை ஓரத்துல பல்லு வெட்டலையே! பேரி இலைக்குப் பல்லு இருக்கும்னு நீதானே சொன்னே?"

அண்ணி ஒட்டிய இலைகளைப் பிய்த்தெடுத்து ஒவ்வொன்றுக்கும் பல் வெட்டினார். பிறகு மறுபடி ஒட்டினார். வாண்டு அவர் முன்னால் நின்று வசனத்தை ஒப்பித்துக் காட்டினாள். "ஓக் அண்ணா, ஓக் அண்ணா, நீங்க இருக்கிற இடம்தான் எனக்கு வீடு!" சரியா அம்மா என்று கேட்டாள். சரிதான் கண்ணு என்று அண்ணி சொன்னார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். எனக்கே பார்க்கச் சகிக்கவில்லை.

மறுநாள் காலை எரிந்த சரிவின் அடியில் பந்தல் போட்டிருந்தார்கள். நாற்காலிகள், ஒலிபெருக்கி, குழிகள், குழிகளுக்குப் பக்கத்தில் கன்றுகள். மேசையில் ஒரு தட்டு நிறைய அந்தப் பேரிக்காய்கள். முன்னால் 'காட்டுப் பேரி' என்று ஒரு அட்டை. அண்ணி பறித்துவர மறந்துவிட்டதாகச் சொல்லியும், கயிறு பிடிக்கிறவர்கள் ஆசையாக ஏறிப் பறித்துவந்திருந்தார்கள். அதிகாரி ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, "காட்டுக் காய்க்கு இவ்வளவு இனிப்பா! இயற்கையோட கைவண்ணமே தனி" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அண்ணி ஓரத்து நாற்காலியில் தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நாடகம் நடந்தது. ஓக் மரமாக வந்த பையனுக்கு வசனம் மறந்துபோக, வாண்டுவே அவனுக்கும் சேர்த்துச் சொன்னாள். பந்தல் கைதட்டியது. வாண்டு மேடையிலிருந்து அம்மாவைத் தேடிப் பார்த்துச் சிரித்தாள். அண்ணியும் கைதட்டினார். தட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு, கால்கள் இரண்டையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டு, கூனிக் குறுகி உட்கார்ந்தார். பூமி பிளந்தால் உள்ளே போய்விடுவார் போல இருந்தது.

அதிகாரி முதல் கன்றை எடுத்தார். ஒலிபெருக்கியில், "இதை நான் நடுறது நியாயமில்ல. கண்டுபிடிச்சவங்களே நடட்டும்" என்று சொல்லி அண்ணியைக் கூப்பிட்டார். இயக்குநர் பெருமையாகச் சிரித்தார். அண்ணி எழுந்து போனார். கன்றைக் கையில் கொடுத்தார்கள். குழி முன்னால் நின்றார். எல்லோரும் காத்திருந்தார்கள். நின்றுகொண்டே இருந்தார்.

"குனிஞ்சு வையுங்கம்மா" என்றார் புகைப்படக்காரர்.

"இது இங்க வர வேண்டிய மரம் இல்ல" என்றார் அண்ணி.

சத்தமாகச் சொல்லவில்லை. ஒலிபெருக்கி பக்கத்திலேயே இருந்ததால் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. அதற்கு மேல் அவருக்கு நிறுத்தத் தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு முழுக்கச் சொன்னார். "மேல இருக்கிறது காட்டுப் பேரி இல்ல. எங்க வீட்டுப் பின்னால இருக்கிற மரத்தோட காய். மதியம் சாப்பிட்டுட்டு விதையை எறிஞ்சோம்… எறிஞ்சேன். ஓக் நிழல்ல உட்கார்ந்ததால அங்க முளைச்சிருக்கு. பைன் பக்கம் நாங்க உட்கார்ந்து சாப்பிட்டதே இல்ல. ஓக்குக்கும் பேரிக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. நான் வெளியில போய்ப் பார்க்காம எழுதிட்டேன். தப்பு என்னோடது."

பந்தலின் பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரிக்க, சிரிப்பு முன்வரிசைவரை பரவியது. அதிகாரி பாதி கடித்து மேசையில் வைத்திருந்த பேரியைப் பார்த்து என்ன செய்வதென்று தெரியாமல் அசடு வழிந்தார். கடைசியில் மேசை விரிப்புக்குள் மறைத்து வைத்தார். கயிறு பிடிக்கிற இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். இயக்குநரின் முகம் செத்துப்போயிருந்தது. ஆனாலும் பெரிய மனுஷன். எழுந்து வந்து அண்ணியின் கையிலிருந்து கன்றை வாங்கிக்கொண்டார். "இன்னைக்கு ஓக் மட்டும் நடுவோம்" என்று ஒலிபெருக்கியில் சொன்னார். அண்ணியிடம் மெதுவாக, "முந்தியே வந்திருக்கலாமேம்மா" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் அண்ணிக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நடவு முடிகிறவரை அண்ணி இருந்தார். ஓடிப்போகவில்லை. யாரும் அவர் பக்கத்தில் நிற்கவில்லை. பிள்ளைகள் வாண்டுவைச் சுற்றி நின்று, "எச்சில் மரம், எச்சில் மரம்" என்று கத்தினார்கள். டீச்சர் அதட்டியும் அடங்கவில்லை. நான் போய் அவளைத் தூக்கி ஜீப்பில் உட்காரவைத்தேன்.

திரும்பும்போது வாண்டு முன்சீட்டில் என் பக்கத்தில், அட்டைக் கிளைகளை மடக்கிக்கொண்டு, கிரீடத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அண்ணி பின்சீட்டில். எனக்கு எதையாவது சொல்லிச் சிரிக்கவைக்க வேண்டும் போல இருந்தது. என்ன யோசித்தும் ஒன்றும் வரவில்லை.

வீட்டுக்குள் வந்ததும் அண்ணி அவள் முன்னால் மண்டியிட்டார். "கண்ணு, அம்மா தப்புப் பண்ணிட்டேன். எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். உனக்கு என்ன கேக்கணுமோ கேளு."

வாண்டு யோசித்தாள். அம்மா மாதிரியே, அவளும் எதையும் சரியாகக் கேட்கிற பிள்ளை.

"உனக்கு எப்போ தெரியும்? மேடையிலதான் தெரிஞ்சுதா?"

அண்ணி பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆமாம் என்றுகூடச் சொல்லியிருக்கலாம், அண்ணனோ நானோ காட்டிக்கொடுத்திருக்க மாட்டோம். அண்ணனின் முகத்தில் அந்தக் கெஞ்சல் அப்பட்டமாகத் தெரிந்தது.

"போன வாரமே தெரியும்" என்றார் அண்ணி.

வாண்டு அழவில்லை. உடையின் முடிச்சு முதுகுப் பக்கம் இருந்தது, அவளுக்கு எட்டாது. கைகளைப் பின்னால் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தாள். எட்டவில்லை. அண்ணி அவிழ்த்துவிடக் கையை நீட்டினார். வாண்டு அந்தக் கையைத் தாண்டி என்னிடம் வந்தாள். எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "சித்தப்பா, நீங்க அவுத்து விடுங்க" என்றாள்.